இரண்டாவது ஒலிவாங்கி

இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்க்கும் அன்பர்களின் உலகம் ஒரு தனி உலகம். தபால்தலை சேகரிப்போர் ஓரத்துப் பற்களைப் பூதக்கண்ணாடி கொண்டு எண்ணுவதுபோல, இவர்கள் தட்டின் உறையையும், நடுவில் ஒட்டிய தாளின் நிறத்தையும், விளிம்பில் பொறித்த இலக்கத்தையும் ஆராய்ந்துகொண்டேயிருப்பார்கள். பழைய தட்டு ஒன்று புதிய பகுதிகள் சேர்ந்து மறுபதிப்பாக வருகிறதென்ற செய்தி கிடைத்துவிட்டால் அன்றிரவு அவர்களுக்கு உறக்கம் வராது. "இந்தப் பாட்டு ஏற்கனவே நம் வீட்டில் இருக்கிறதே! மறுபடியும் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று இல்லத்தரசி கேட்பாள். கேள்வி நியாயமானதே. அதற்கு நியாயமான விடை உண்டா என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்காவில் தொடங்குகிறது. ஆனால் அதன் நூல் ஒன்று கடல் கடந்து வந்து, சிலாபம், புத்தளம், கற்பிட்டி என்று நீளும் நமது மேற்குக் கரையிலே முடிகிறது. ஆகவே வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் உடன்வர வேண்டும்.

ஜாஸ் என்பது அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த இசை. எழுதிவைத்த சுரத்தை அப்படியே ஒப்பிப்பது அதன் நோக்கமன்று. ஒரு மெட்டையும் தாளக்கட்டையும் வைத்துக்கொண்டு, கலைஞன் அந்த நிமிடத்திலே தன் கற்பனையைப் பெருகவிடுவதே அதன் உயிர். நமது கச்சேரியில் வரும் நிரவலையும் கற்பனாசுரத்தையும், கோயில் வீதியில் நள்ளிரவு தாண்டி நிகழும் தவில் தனியையும் நினைத்துக்கொண்டால் இதன் இயல்பு நமக்கு எளிதில் விளங்கும். அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவிலைத் திருவிழாவில் கேட்டவர்கள், கூட்டத்தின் ஆரவாரம் கலைஞனை எவ்வாறு மேலும் மேலும் உயர்த்தும் என்பதை அறிவார்கள். அத்தகைய இரவு ஒருமுறைதான் வரும். ஒலிப்பதிவுக்கூடத்தில் அமர்ந்து அதனை மீண்டும் உண்டாக்க இயலாது. மேடையில் நிகழ்ந்தபோதே பிடித்த பதிவுகளை ஜாஸ் அன்பர்கள் பொன்போலப் போற்றுவதற்குக் காரணம் இதுவே.

அத்தகைய பதிவுகளுள் பெயர்பெற்ற ஒன்று, 1956ஆம் ஆண்டு ஜூலை 7ஆந் திகதி றோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் நகரில் நடந்த ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டனின் வாத்தியகோஷ்டி வாசித்தது. எலிங்டனுக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. பெரிய வாத்தியகோஷ்டிகளின் காலம் முடிந்துவிட்டதென்று பலரும் பேசிய நாட்கள் அவை. அன்றிரவு முதலில் மேடையேறியபோது கோஷ்டியைச் சேர்ந்த நால்வர் வந்து சேரவேயில்லை. சிறிது வாசித்துவிட்டு இறங்கி, ஏனையோரின் நிகழ்ச்சிகள் முடியும்வரை நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. மீண்டும் மேடையேறியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. வந்தவர்களில் ஒரு பகுதியினர் வீடு திரும்பவும் தொடங்கியிருந்தார்கள்.

அப்போது எலிங்டன் தமது பழைய உருப்படி ஒன்றை எடுத்தார். 1937இல் பதிவான அது, பெயருக்கேற்பத் தணிந்து செல்லும் ஒரு பகுதியும் ஓங்கிச் செல்லும் ஒரு பகுதியுமாக இரண்டு பாகங்கள் கொண்டது. அக்காலத்துத் தட்டின் ஒரு முகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும். எனவே ஒரு பாகம் தட்டின் ஒரு முகத்திலும் மறுபாகம் மறுமுகத்திலுமாக வெளிவந்தன. வீட்டில் கேட்பவர் இடையில் எழுந்து தட்டைப் புரட்ட வேண்டும். நியூபோர்ட் மேடையிலே அந்த இடைவெளியை நிரப்பும் பணியைப் போல் கொன்சால்வெஸ் என்ற சாக்ஸபோன் கலைஞரிடம் எலிங்டன் ஒப்படைத்தார்.

கொன்சால்வெஸ் வாசிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு அட்சரக் கட்டங்கள் கொண்ட ஓர் ஆவர்த்தனம் முடிந்தது; இரண்டாவது முடிந்தது; பத்தாவதும் முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. இருபத்தேழு ஆவர்த்தனங்கள் மூச்சுவிடாது ஓடின. கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி எழுந்து ஆடத் தொடங்கினார். அவரைக் கண்டு மற்றவர்களும் எழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரம் கடல்போல் எழுந்தது. கலகம் நேருமோவென்று விழா நடத்தியவர்கள் அஞ்சுமளவுக்கு அன்றைய நிலை இருந்தது. அடுத்த மாதம் ‘டைம்’ சஞ்சிகையின் அட்டையில் எலிங்டனின் படம் வெளிவந்தது. தாம் பிறந்ததே 1956இல் நியூபோர்ட்டில்தான் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம்.

இவ்வளவும் நடந்தது. ஆனால் தட்டில் வந்தது எது?

இங்கேதான் நமது கதையின் சிக்கல் இருக்கிறது. அன்று மேடையில் இரண்டு நிறுவனங்களின் ஒலிவாங்கிகள் இருந்தன. ஒன்று தட்டு வெளியிடவிருந்த கொலம்பியாக் கம்பனியாருடையது. மற்றது வெளிநாடுகளுக்கு ஒலிபரப்புவதற்காகப் பதிவுசெய்த ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியாருடையது. கொன்சால்வெஸ் தமது இருபத்தேழு ஆவர்த்தனங்களையும் வாசித்தது இந்த இரண்டாவது ஒலிவாங்கியை நோக்கி! கொலம்பியாவின் ஒலிநாடாவில் அன்றைய நாயகனின் நாதம் அடுத்த வீட்டிலிருந்து கேட்பதுபோல் மங்கி ஒலித்தது. கூட்டத்தின் ஆரவாரமும் கோஷ்டியின் முழக்கமும் முன்னே நின்றன.

மற்றோரு குறையும் இருந்தது. அன்றைக்கென்றே எலிங்டன் அமைத்த புதிய தொகுப்பிசைக்குப் போதிய ஒத்திகை இல்லை. ஆகவே கொலம்பியாவின் பொறுப்பாளர் ஜோர்ஜ் அவகியன், எலிங்டனின் உடன்பாட்டுடன் கோஷ்டியை நியூயோர்க் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்து, பல பகுதிகளை மீண்டும் வாசிக்கச் செய்தார். கூடத்தில் ரசிகர் கிடையாது. ஆகையால் கைதட்டலும் ஆரவாரமும் பின்னர் சேர்க்கப்பட்டன. 1956இல் வெளிவந்த தட்டு இவ்வாறு மேடையும் கூடமும் கலந்த ஒன்று. கேட்டவர்களோ யாவும் மேடையின் ஒலியென்றே நம்பினர். எலிங்டனின் தட்டுகளுள் மிகுதியாக விற்பனையானதும் அதுவே.

அவகியனைக் குறைகூறுவது எளிது. ஆனால் அவர் நிலையில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நீள்தட்டின் ஒரு முகத்தில் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து நிமிடங்களே அடங்கும். கையில் இருந்த ஒலிநாடாவோ குறையுடையது. நல்ல தட்டாக வெளியிட வேண்டுமென்ற ஆர்வமும் அவருக்கு இருந்தது. இருந்தும், செய்ததைச் சொல்லாது விடும்போது கேட்போனுக்கு ஒரு நட்டம் நேர்கிறது. தான் கேட்பது எந்த இரவு என்பது அவனுக்குத் தெரியாமற் போகிறது. பிழையோடு கூடிய உண்மையான இரவு வேறு; பிழை நீக்கிய கற்பனையான இரவு வேறு. இரண்டையும் விரும்புவதில் தவறில்லை; ஒன்றை மற்றதென்று எண்ண வைப்பதுதான் தவறு.

நாற்பது ஆண்டுகள் சென்றன. ‘அமெரிக்காவின் குரல்’ எடுத்த பழைய ஒலிநாடா 1990களிலே கண்டெடுக்கப்பட்டது. கொன்சால்வெஸின் நாதம் அதிலே முகத்துக்கு நேரே நின்று பேசுவதுபோல் இருந்தது! பில் ஷாப் என்ற ஜாஸ் அறிஞர், கொலம்பியாவின் நாடாவையும் இதனையும் இணைக்கும் வேலையை மேற்கொண்டார். இது சொல்லும்போது சிறிய வேலை, செய்யும்போது மலை. இரு வேறு இயந்திரங்கள் ஒரே இரவைப் பதிந்தாலும் அவற்றின் வேகம் மயிரிழையேனும் வேறுபடும். சில நிமிடங்களில் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். கிணற்றுக்குள் பேசுவதுபோல் இரட்டை ஒலி கேட்கும். இரண்டையும் கணந்தோறும் ஒத்துச் செல்லுமாறு பொருத்த வேண்டும். அவ்வாறு பொருத்தியதும், தனித்தனியே ஒற்றை வழி ஒலியாக இருந்த இரு பதிவுகளும் சேர்ந்து, இரு செவிக்கும் இரு வழியாக வரும் ஸ்டீரியோ ஒலியாயின.

எலிங்டனின் நூற்றாண்டாகிய 1999இல் இது இரண்டு இறுவட்டுகளாக வெளிவந்தது. பழைய தட்டு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. புதியது இரண்டு மணி நேரத்துக்கும் அதிகம். ஆட்கள் வந்து சேராத முதற் பகுதி, அறிவிப்புகள், அமைதியாய் அமருமாறு எலிங்டன் கூட்டத்தை வேண்டுவது ஆகிய யாவும் அதில் உண்டு. கூடத்தில் மீண்டும் வாசித்த பகுதிகளும் தூக்கி எறியப்படவில்லை. அவை இன்னவை என்று குறித்துத் தனியே சேர்க்கப்பட்டன. சேகரிப்போர் துள்ளிக் குதித்ததில் வியப்பென்ன? நாற்பத்துமூன்று ஆண்டுகளாகச் சுவருக்கு அப்பால் நின்று கேட்ட குரலை அவர்கள் அன்றுதான் அருகில் நின்று கேட்டார்கள்.

இல்லத்தரசியின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். மறுபதிப்பென்று வருவதெல்லாம் வாங்கத்தக்கதன்று. உறையை மாற்றி, எறிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, ஒரே பண்டத்தை இரண்டாம் முறை விற்கும் வியாபாரமும் உண்டு. ஆனால் முன்பு மறைந்திருந்த உண்மை ஒன்றைப் புதிய பதிப்பு வெளிப்படுத்துமானால், அது பழைய பண்டமன்று. இதற்கு இன்னொரு சான்று தருகிறேன். பில் எவன்ஸ் என்ற பியானோக் கலைஞர் 1961 ஜூன் 25ஆந் திகதி நியூயோர்க்கில் இருவருடன் வாசித்த முழு நாட் பதிவு 2005இல் மூன்று இறுவட்டுகளாக வந்தது. அன்றைய முதல் உருப்படியின் நடுவே மின்சாரம் தடைப்பட்டுப் பதிவு குலைந்தது. பழைய தட்டுகளில் அது விலக்கப்பட்டிருந்தது. முழுப்பதிப்பில் அதையும் வைத்தார்கள். மின்வெட்டு நமக்குப் புதிதன்று. ஆனால் அதையும் பொக்கிஷமாக வைப்பார்களா என்று சிரிக்கத் தோன்றும். அந்த மூவரில் ஒருவரான ஸ்கொட் லஃபாரோ பதினொரு நாள் கழித்து, இருபத்தைந்து வயதில் மோட்டார் விபத்தில் மாண்டார் என்பதை அறிந்தால் சிரிப்பு அடங்கிவிடும். இனி ஒருபோதும் ஒலிக்காத விரல்களின் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையதே.

இனி நமது கரைக்கு வருவோம்.

கொன்சால்வெஸ் என்ற பெயரை வாசித்ததுமே நம்மவர் சிலருக்கு வேறொருவர் நினைவு வந்திருக்கும். தமிழிலும் சிங்களத்திலும் கத்தோலிக்க இலக்கியம் படைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 1742இல் காலமானது நமது கரைக்கு அண்மையிலுள்ள போலவத்தையில் அன்றோ! இருவருக்கும் உறவில்லை. சுவாமியார் கோவாவைச் சேர்ந்தவர். சாக்ஸபோன் கலைஞரின் பெற்றோரோ மேற்கு ஆபிரிக்கக் கடலிலுள்ள கேப் வேர்டே தீவுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். போர்த்துக்கேயரின் கப்பல் தொட்ட கரைகளிலெல்லாம் அந்தப் பெயர் இறங்கியிருக்கிறது. பெயர் மட்டுமா இறங்கியது? ஆபிரிக்க மக்களும் அவ்வழியே கொண்டுவரப்பட்டார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவர் காலத்திலும் இலங்கைக்கு வந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். மஞ்சா என்று வழங்கும் அவர்களுடைய பாடலில் போர்த்துக்கேயக் கலப்பு மொழியின் சொற்கள் வாழ்கின்றன. தேங்காய்ச் சிரட்டையும் போத்தலும் கரண்டியும் தாளமாகின்றன. இலங்கையெங்கும் கல்யாண வீடுகளில் ஒலிக்கும் பைலாவின் வேர்களுள் இந்த மரபும் ஒன்று. ஆபிரிக்கத் தாளம் அமெரிக்காவில் ஜாஸாக மலர்ந்தது. அதன் உறவுக்கிளை ஒன்று நமது உப்பளக் காற்றிலே மஞ்சாவாக நிற்கிறது.

‘அமெரிக்காவின் குரல்’ நிறுவனமும் நமக்கு அந்நியமன்று. 1951லேயே இலங்கை வானொலிக்கும் அதற்கும் உடன்படிக்கை உண்டு. சிலாபத்துக்குத் தெற்கே இரணவில கடற்கரையில் அது பெரியதோர் அஞ்சல் நிலையத்தை அமைத்தது. நிலமும் கடற்றொழிலும் பாதிக்கப்படுமென்று 1990களில் அங்குள்ள மீனவர்களும் கத்தோலிக்கக் குருமாரும் எதிர்ப்புக் காட்டியதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அந்நிலையத்தின் ஒலிபரப்பு 2016இல் நின்றது. எலிங்டனும் இலங்கையை அறியாதவரல்லர். அமெரிக்க அரசின் அனுசரணையில் 1963இல் அவரது கோஷ்டி மேற்கொண்ட பெரும்பயணத்தில் இலங்கையும் இடம்பெற்றது.

நியூபோர்ட்டின் அருமையான இரவைக் காப்பாற்றிய நிறுவனத்தின் உயர்ந்த கோபுரங்கள் நமது கரையில் நின்றிருக்கின்றன. அவை தூரதேசங்களுக்குக் குரலை அனுப்பின. ஆனால் அந்தக் கோபுரங்களின் நிழலில் வாழ்ந்தவர்களின் குரலைப் பிடித்துவைப்பது அவற்றின் வேலையன்று. அது நமது வேலை. நமது இரண்டாவது ஒலிவாங்கி எங்கே?

உடப்பை எண்ணிப் பாருங்கள். திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் உடைய அந்தத் தமிழ்க் கடற்கரைக் கிராமத்தில், கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் பெயர்பெற்றவை. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்தோர் யாவரும் ஒருமித்து வாங்கிப் பாடுவர். எலிங்டனின் கோஷ்டியில் ஒரு வாத்தியம் கேட்க மற்றவை விடை கூறுவதும் இதே முறைதான். வலையின் பாரம் கூடக்கூடப் பாட்டின் நடை மாறும். அடியெடுத்துக் கொடுப்பவர் அந்த நேரத்திலே சொல்லைக் கூட்டுவார், குறைப்பார். அருகில் நிற்பவரைக் கேலியும் செய்வார். ஆகவே பாட்டு நாளுக்கு நாள் வேறு. இயந்திரத்தால் வலையிழுக்கும் வழக்கம் வந்த இடங்களில், பாட்டுக்குரிய வேலையே இல்லாமற் போகிறது. வேலை போனால் பாட்டு மேடைக்குப் போகும். மேடையிலே மூன்று நிமிடத்துக்குச் சுருங்கும். கடலின் இரைச்சலும் மூச்சிரைப்பும் சிரிப்பும் நீங்கிச் சுத்தமாகும். அந்தச் சுத்தமான பாட்டும் இனியதே. ஆனால் அது கூடத்தில் மீண்டும் வாசித்து, கைதட்டல் சேர்த்த தட்டைப் போன்றது.

நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர்கள் பெருந்தொண்டு செய்திருக்கிறார்கள். அவர்கள் சொற்களை அச்சேற்றினார்கள். அச்சில் ஏறாதது நாதம். எங்கே மூச்சு வாங்கினார்கள், எந்தச் சொல்லில் கயிறு அசைந்தது, எந்த அடிக்குக் கரையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதை ஏடு சொல்லாது, ஒலிநாடா சொல்லும். இன்று ஒலிநாடாவும் வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி இருக்கிறது. 1956இல் ஒரு பெரிய கம்பனிக்கு இருந்ததைவிட அதிக நேரம் பதியும் வசதி ஒரு பள்ளிக்கூட மாணவன் சட்டைப்பையில் இருக்கிறது. இல்லாதது கருவியன்று; கவனம்.

ஆகவே மாணவ நேயர்களுக்குச் சில சொற்கள். உங்கள் ஊரிலே முதியவர் ஒருவர் பாடும்போது, முதலில் அவருடைய அனுமதியைக் கேளுங்கள். பாட்டு அவருடையது, நீங்கள் பெட்டகக்காரர் மட்டுமே. பாடத் தொடங்குமுன்னே பதிவைத் தொடங்குங்கள். முடிந்த பின்னும் சிறிது நேரம் ஓடவிடுங்கள். இருமலையும் பேச்சையும் வெட்டி எறியாதீர்கள். "இந்த அடியை என் தந்தையார் வேறுவிதமாகப் பாடுவார்" என்ற சொல் பெரும்பாலும் பாட்டு முடிந்த பிறகே வரும். பாடியவர் பெயர், ஊர், திகதி, எந்தச் சந்தர்ப்பம் என்பவற்றைப் பதிவிலேயே சொல்லிவையுங்கள். முடியுமானால் இருவர் இரு இடத்தில் நின்று பதியுங்கள். ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடித்திருப்பார். திருத்திய பிரதி செய்வதானால் செய்யுங்கள், ஆனால் திருத்தாத பிரதியை வேறிடத்திலும் ஒன்று வையுங்கள். பாடியவர் வீட்டிற்கு ஒரு பிரதி கொடுக்க மறக்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை இதற்காக ஒரு பிற்பகலைச் செலவிட்டால் அதனை வீண்பொழுதென்று கடியாதீர்கள். 1956இல் அந்த வானொலி நிறுவனத்தின் நாடாவைச் சுற்றிவைத்துப் பெயரெழுதி அலமாரியில் அடுக்கிய ஊழியருக்கு, அது நாற்பது ஆண்டுக்குப்பின் உலகம் தேடப்போகும் பொருளென்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் செய்தது தமது கடமையை மட்டுமே. ஆனால் அந்தச் சிறு கடமை ஓர் இரவைச் சாகாமற் காத்தது.

சேகரிப்போரின் பரபரப்பைப் பித்தென்று நகைப்பவர் நகைக்கட்டும். இழந்துவிட்டோம் என்று எண்ணியதை மீண்டும் பெற்றவரின் மகிழ்ச்சி அது. அந்த மகிழ்ச்சி சிரம்பியடிக்கும் உடப்புக்கும் ஒருநாள் கிட்ட வேண்டுமானால், இன்று யாரோ ஒருவர் பாட்டுக்கு அருகில் சென்று, பேசாமல் நின்று, முழுவதையும் கேட்டுப் பதிந்துவைக்க வேண்டும்.